பிரேக் டீச்சருக்கு எங்கே வலி

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எவருக்கும் கிடையாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் முதலாளியிலிருந்து கார் கழுவுகிறவர் வரைக்கும் அப்படித்தான். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் இவள். இவள் காலடியில் இவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். தெருக்கோடியில் ஒரு நாய் படுத்தபடி சோம்பல் முறித்தால் போதும், டீச்சரின் கால் அந்தப் பிரேக்மேல் ஏறி நின்றுவிடும்.

"அது இன்னும் எழுந்திருக்கவே இல்லையே டீச்சர்" என்று யாராவது முனகினால், "எழுந்திரிச்சா?" என்பாள். கியரை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. கை நடுங்கி வந்தவர்களையெல்லாம் கார் ஓட்ட வைத்து அனுப்பியிருக்கிறாள். வண்டிக்குள் ஏறிவிட்டால் அவள் வாய் ஓயாது. "எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னாடி வர்றவருக்கு முன்கூட்டியே காட்டுங்க. உங்க மனசுல இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்ன ஜோசியரா?" இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்த மகராசிதான், தன் வலி எங்கே இருக்கிறது என்பதை மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களிடமெல்லாம் "இடுப்பு வலி" என்றாள். இடுப்பு வலி கௌரவமான வலி. முதலாளியிடம் சொல்லலாம், அடுத்த வீட்டில் சொல்லலாம், மாமனார் காதில் விழுந்தாலும் பாதகமில்லை. ஆனால் அவள் வலி இடுப்பில் இல்லை. அடிவயிற்றுக்கும் கீழே, உட்காருகிற இடத்தின் நடுவே, தொடைகள் சேரும் இடத்தில். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் அங்கே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். பாத்ரூம் போனால் எரியும். சில நாள் காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் முகம் பார்க்கிறவள் மாதிரி நடித்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடப்பாள்.

இடுப்பு வலி என்று சொன்ன பாவத்துக்குத் தைலம் தைலமாக வந்து சேர்ந்தது. முதலாளி முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தை வாங்கித் தந்தார். அவள் பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு பெரிய ஸ்பாவில் மசாஜுக்குப் பதிவு செய்து அனுப்பினார். அங்கே வரவேற்பில் இருந்த பெண் குழைந்து குழைந்து, "எந்த இடத்துல கவனம் செலுத்தணும் மேடம்?" என்று கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது. "முதுகு" என்றாள் டீச்சர். அவர்களும் முதுகை வெளுத்து வாங்கிவிட்டார்கள். வெளியே வரும்போது முதுகு பளபளவென்று பஞ்சு மாதிரி இருந்தது, வலி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்ட கணவரிடம், "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அந்தக் கணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எல்லார் பார்வையையும் சரிசெய்கிறவர், ஆனால் வாயைத் திறந்து தானாக ஒரு கேள்வி கேட்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். சண்டை போடவே தெரியாத மனிதரிடம் எப்படித்தான் சண்டை போடுவது என்று டீச்சருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே குறை. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அதுவும் அவரிடம் சொன்னதில்லை, அது வேறு கதை.

வலி வந்த பிறகு அவர் கை பட்டாலே அவள் உடம்பு இறுக ஆரம்பித்தது. ஆசை இல்லாமல் இல்லை, பயம். நெருங்கிப் படுத்த மறுநாள் முழுக்க எரியும், உட்கார முடியாது. இதை இந்த வாயில்லாப் பூச்சியிடம் சொன்னால் அவர் தன்னைத்தானே நொந்துகொள்வார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதனால் ஒரு நாள், "நீங்க ரொம்பக் குறட்டை விடறீங்க, எனக்குத் தூக்கமே வரலை" என்றாள்.

அந்த மனிதருக்குக் குறட்டையே கிடையாது. தூக்கத்தில்கூட அடுத்தவருக்குத் தொந்தரவு தராத ஜென்மம். ஆனால் நம்பிவிட்டார். காது மூக்கு டாக்டரைப் போய்ப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு டாக்டர்மேல்தான் சந்தேகம் வந்தது, பெண்டாட்டிமேல் வரவில்லை. தலையணையை இடுக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போய்விட்டார். போனவர் போனவர்தான்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் மெதுவாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கம்பெனில வேற ஊர்ல புதுக் கடை திறக்கிறாங்க. என்னைப் போய்ப் பார்த்துக்கச் சொல்றாங்க. ரெண்டு வருஷம் ஆகும்போல. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீ சொல்லு. போகட்டுமா?"

போகாதீங்க என்று ஒரே ஒரு வார்த்தை. நாயைக் கண்டு பாய்கிற கால் இருக்கிறதே, அது மாதிரி அந்த வார்த்தை பாய்ந்து வந்திருக்க வேண்டாமா? ஆனால், போகாதீங்க என்றால் இன்று ராத்திரியே தலையணையோடு உள்ளே வந்துவிடுவாரே, வந்தால் என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். யோசித்து, மென்று முழுங்கி, "உங்க இஷ்டம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் தட்டோடு அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இவர் போய்விட்டால், சோபாவும் காலியாகிவிட்டால், அப்புறம் தனக்கென்று யார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்து ஒரு திட்டம் போட்டாள். மாசக் கடைசிக்குள் இந்த வலியைச் சத்தம் போடாமல் ஒழித்துக்கட்டிவிடுவது. அப்புறம், "வாங்க உள்ளே, குறட்டையெல்லாம் பழகிக்கிறேன்" என்று பெரிய மனசு பண்ணி அழைத்துவிடுவது. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது அருமையான திட்டம்.

முதலில் டாக்டரம்மாவிடம் போனாள்.

"இடுப்புல எங்க?" என்றார் டாக்டரம்மா.

டீச்சர் கையை எடுத்துப் பின்னால் காட்டினாள், பக்கவாட்டில் காட்டினாள், அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்கிறவள் மாதிரி காற்றில் ஒரு வட்டம் போட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, பாத்ரூம் போனால் எரிகிறதா, கணவரோடு சேரும்போது வலிக்கிறதா, உட்கார்ந்தால் அதிகமா என்று தானாகவே ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். பரிசோதனை செய்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எல்லாம் வந்த பிறகு சொன்னார்:

"கட்டி, கிருமி எதுவும் இல்லை. ஆனா வலி நிஜம். நீங்களா கற்பனை பண்ணிக்கலை. கீழ இருக்கற சதையெல்லாம் இறுகிக் கிடக்கு. அதைத் தளர்த்தணும்."

வலி நிஜம் என்று இன்னொருவர் வாயால் கேட்டதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா இதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பி வைத்தார்.

அந்த இடம் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் ஸ்பா என்றுதான் போட்டிருந்தது. உள்ளே ஒரு வெந்நீர்த் தொட்டி, வெள்ளைத் துணி விரித்த கட்டில், எண்ணெய்க் கிண்ணம் வைக்கிற சின்ன அடுப்பு, அலமாரி நிறைய மடித்த துண்டுகள். தெரபிஸ்ட் குட்டையான பெண், வட்ட முகம், எதைப் பார்த்தாலும் சிரிப்பு வருகிற வாய். வந்ததும் வராததுமாக டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "மாசக் கடைசிக்குள்ள சரியாயிடுமா?"

"இது என்னக்கா லைசென்ஸா, தேதி குறிச்சு வாங்கறதுக்கு? எத்தனை வருஷமா இறுகினது? மெல்ல மெல்லத்தான் விடும். குறையும். நல்லாவே குறையும். ஆனா மந்திரம்லாம் எங்கிட்ட இல்ல."

டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இடுப்புவரை வெந்நீர். வலி கரைந்து போகவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

பிறகு கட்டில். தெரபிஸ்ட் உடம்பை முழுக்கத் துண்டால் மூடி, வேலை செய்கிற இடத்தை மட்டும் விலக்கினாள். "எல்லாமே வெளியிலதான். தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் தொடுவேன். வேண்டாம்னா கையை எடுத்துடுவேன்" என்றாள். வெதுவெதுப்பான எண்ணெயை அடிவயிற்றில் வைத்து வட்டம் வட்டமாக நீவினாள். இடுப்பெலும்பின் ஓரம், பிட்டத்தின் பக்கவாடு, தொடையின் உள்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக, அழுத்தி, காத்திருந்து, விட்டு. தொடைக்கு வந்தபோது கையை நிறுத்திக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, யாரு குறுக்க வர்றாங்க?"

"என்ன?"

"உங்க வலது காலைப் பாருங்க."

பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, வலது காலை விறைப்பாக நீட்டி, காற்றில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள் டீச்சர். முட்டிவரை நடுங்கிக்கொண்டிருந்தது. அசடு வழிந்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றாள் தெரபிஸ்ட். சொன்னதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடப்பாவமே! அப்ப நாள் முழுக்க இப்படித்தானா? கால் மட்டும் பிரேக் போடலை அக்கா. உட்கார்ற இடத்துல அடியில, தொட்டில் துணி மாதிரி ஒரு சதை இருக்கு. மேல இருக்கற வயிறு, கர்ப்பப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. நீங்க ஒவ்வொரு தடவை பயப்படும்போதும் அதையும் சேர்த்து இறுக்கறீங்க. இறுக்கினதை விடறதே இல்ல. வேலையை விட வேண்டாம், இறுக்கறதை விடுங்க போதும்."

"விட்டா யாராவது மோதிடுவாங்க."

"இங்க யாரும் மோத மாட்டாங்க. மூச்சை இழுங்க, வயிறு உப்பட்டும். விடும்போது கீழ எல்லாத்தையும் விட்டுடுங்க."

கேட்க எத்தனை சுலபம்! டீச்சர் மூச்சை இழுத்தாள், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முழுப் பலத்தோடு விட்டாள், விடும்போதே இன்னும் இறுக்கினாள். "அக்கா, தளர்றதையும் இவ்வளவு கண்டிப்பாவா பண்ணுவீங்க?" என்று தெரபிஸ்ட் கேலி செய்தாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது, அவளையும் அறியாமல், கீழே எதுவோ ஒரு கணம் அவிழ்ந்தது. அவ்வளவுதான், உடனே திரும்ப இறுகிக்கொண்டது. ஆனால் அந்த ஒரு கணத்தில் அங்கே வலி இல்லை. வலி இல்லாத அந்த இடம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

வாரா வாரம் போனாள். வண்டியில் ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இறங்கி நடந்தாள். முதலாளி தந்த மெத்தையை முதுகிலிருந்து எடுத்து அடியில் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் தெருமுனையில் ஒரு மாடு நின்றபோது பிரேக்கில் கால் வைக்காமல் மூச்சை மட்டும் விட்டுப் பார்த்தாள். கற்றுக்கொண்டிருந்தவர் தானாகவே நிறுத்திவிட்டு, "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இறங்க முடிந்தது. ஹாலில் இருப்பவரை உள்ளே கூப்பிடத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை. மாசக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"வாரம் ஒரு தடவை போதாது" என்றாள் தெரபிஸ்ட். "வீட்டுலயும் தினமும் கொஞ்சம் நீவி விடணும். பின்பக்கம் உங்க கை எட்டாது. வீட்டுல நெருக்கமான ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, எப்படிச் செய்யறதுன்னு காட்டித் தர்றேன்."

நெருக்கமான ஒருத்தர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தக் கட்டிலுக்குக்கூடத் தெரியும். டீச்சர் யாரை அழைத்துக்கொண்டு போனாள் தெரியுமா? நாத்தனாரை.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. தபால் நிலையத்தில் வேலை. முத்திரை குத்திக் குத்திப் பழகிய கை. அவர் ஆசையாகத் தோளில் தட்டினால் தட்டு வாங்கியவர் இரண்டடி முன்னால் போவார். "முதுகு பிடிச்சு விடணும், அவ்வளவுதான் அண்ணி" என்று பூசி மெழுகி அழைத்து வந்திருந்தாள் டீச்சர்.

தெரபிஸ்ட் கட்டிலில் இடம் காட்டினாள். நாத்தனார் கண்ணை அகல விரித்தார்.

"இங்கயா வலி? இடுப்புன்னுதானே சொன்னே?"

"இடுப்புக்குக் கொஞ்சம் கீழ அண்ணி."

"கொஞ்சமா? இதுக்கா நான் அத்தனை தைலம் வாங்கிக் கொடுத்தேன்? எல்லாத்தையும் எங்கடி தடவினே?"

"முதுகுலதான்."

"உருப்பட்டாப்பலதான்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். டீச்சர் கட்டிலோடு அரையடி நகர்ந்தாள்.

"மெதுவாம்மா, மெதுவா! பார்சல் இல்ல இது" என்று தெரபிஸ்ட் ஓடிவந்தாள். "அழுத்த வேண்டாம். கையை வெச்சுட்டு அவங்க மூச்சு விடற வரைக்கும் காத்திருக்கணும். பொறுமை வேணும்."

"பொறுமையா? அது எங்க குடும்பத்துல என் தம்பி ஒருத்தன்கிட்டதான் இருக்கு" என்ற நாத்தனார் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, அவன் எங்க? அவனைக் கூட்டிட்டு வராம என்னை எதுக்குடி கூட்டிட்டு வந்தே? அவனுக்குக் கை இல்லையா?"

டீச்சர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியாது அண்ணி."

"எது தெரியாது?"

"எதுவுமே."

தெரபிஸ்ட் துண்டு மடிக்கிற சாக்கில் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நாத்தனார் எண்ணெய்க் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். இவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு உண்டு என்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரியும்.

"முந்தாநாள் வீட்டுக்கு வந்திருந்தான். எதுக்குடா அந்த ஊருக்குப் போறேன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'அவளுக்கு நான் பக்கத்துல இருக்கறதே கஷ்டமா இருக்குக்கா. நான் தள்ளிப் போயிட்டா அவளாவது நிம்மதியா இருப்பா'ன்னான். நான் உன்மேல கோபப்பட்டேன்டி. உன்னைத் திட்டணும்னுதான் இன்னைக்கு வந்தேன். அவன் இன்னைக்குப் பதில் சொல்லப் போறான்."

டீச்சர் எழுந்தாள். பாதி எண்ணெயோடு, உடையை மாற்றிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, படியிறங்கினாள். "ஏய், பார்த்துப் போ!" என்று பின்னால் நாத்தனாரின் பழைய குரல் கேட்டது.

தான் வந்திருந்த டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போய், கணவரின் கண்ணாடிக் கடைக்கு எதிரே நிறுத்தி ஹாரனை அழுத்தினாள். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது என்று போதிக்கிறவள், கையை எடுக்கவே இல்லை. கணவர் கண்ணாடி துடைக்கிற துணியோடு வெளியே ஓடிவந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஏறுங்க."

ஏறினார். டீச்சர் வழக்கமாக உட்காரும் சீட்டில் உட்கார்ந்து, அங்கிருக்கும் பிரேக்கில் பட்டுவிடப் போகிறதே என்று கால்களை மடக்கிக் கூடியவரை உள்ளே இழுத்துக்கொண்டார். இவள் வண்டியைக் கிளப்பினாள். அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரியும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம், அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

"கடையில கூட்டமா?"

"பரவாயில்லை."

"வெயில் அதிகமா இருக்கு, இல்ல?"

"ம்."

கடவுளே என்று நினைத்துக்கொண்டாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள்.

"எனக்கு இடுப்பு வலி இல்லீங்க."

"சரியாயிடுச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு!"

"ஐயோ, அதில்லீங்க! எப்பவுமே இடுப்புல வலி இருந்ததில்லை." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வலி கீழ. உள்ள. உட்கார்ந்தா வலிக்கும், பாத்ரூம் போனா எரியும். நீங்க கிட்ட வந்தா, அதுக்கப்புறம் என்னால உட்காரவே முடியாது. உங்களைப் பிடிக்காம இல்ல. வலிக்குமேன்னு பயம். அதைச் சொல்லத் தெரியாமதான் குறட்டைன்னு சொன்னேன். உங்களுக்குக் குறட்டையே கிடையாது. பொய் சொன்னேன். டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன், மசாஜ் பண்றாங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஒரே ஹாரன் மழை. "பழகற வண்டிப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். வேறு சமயமாக இருந்தால் அவரைத் துரத்திப் போய் மடக்கியிருப்பாள்.

கணவர் நெடுநேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாத்தம் இல்லையா?" என்றார்.

"என்ன நாத்தம்?"

"எங்கிட்ட. நான் பக்கத்துல வந்தாலே நீ அப்படியே விறைச்சுப் போவியா... எனக்கு ஏதோ உடம்பு நாத்தம் போலன்னு நினைச்சேன். சோப்பு மாத்திப் பார்த்தேன். பேஸ்ட் மாத்தினேன். பூண்டு சாப்பிடறதை விட்டேன். கடையில வேலை பார்க்கற பையன்கிட்ட, டேய், எங்கிட்ட ஏதாவது வாடை அடிக்குதான்னுகூடக் கேட்டேன். இல்ல சார்னான். அப்ப, வாடை இல்ல, என்னையே பிடிக்கலை போலிருக்குன்னு..." மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதி வழியிலேயே அழுகையாக மாறியது. வண்டியை எப்படியோ ஓரம் கட்டினாள். தன் வலியைத் தான் ஒருத்தியாகத்தான் சுமந்தோம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாளே, பாதியை ஒன்றும் சொல்லாமலே இந்த மனிதர் தலையில் ஏற்றி வைத்திருந்திருக்கிறாள். "உங்களைப் பிடிக்காமப் போகுமா? உங்களைப் பிடிக்காமப் போகுமா?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அவர் அந்தக் கண்ணாடித் துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "ஒரு விஷயம்" என்றார்.

"என்ன?"

"காலையிலயே சரின்னு சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை "பார்க்கலாம்" சொல்லாமல் சட்டென்று முடிவெடுத்திருக்கிறார், அதுவும் இன்றைக்கு.

அவர் போனை எடுத்தார். மேனேஜரிடம் பேசுவதென்றால் முதல் நாளே ஒத்திகை பார்க்கிறவர், யோசிக்காமல் எண்ணை அழுத்தினார். மேனேஜருக்குப் பெரிய குரல், கார் முழுக்கக் கேட்டது.

"சார், நான் அந்த ஊருக்குப் போகலை."

"என்னய்யா விளையாடறீங்களா? காலையிலதானே சரின்னீங்க? என்ன திடீர்னு?"

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஏதாவது சாக்குச் சொல்வார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார், வீட்டைக் காலி பண்ண முடியாது என்பார்.

"என் மனைவிக்கு வலி சார். ரொம்ப வருஷமா. எனக்கு இப்பதான் தெரியும். நான் தினமும் வீட்டுல இருக்கணும்."

அந்தப் பெரிய குரல் சட்டென்று தணிந்தது. "சரி, நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றது.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் போகலை" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வலி என்ற அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. தலைவலி, பல்வலி என்பது மாதிரி சொன்னார். வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

அவர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார்.

"நான் இங்கயே இருந்துட்டா உனக்குத் தொந்தரவா இருக்காதே?"

"என்ன கேள்விங்க இது?" என்று அழுகையோடு அதட்டினாள் டீச்சர். "இந்த வலியையாவது டாக்டரம்மா கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சாங்க. நீங்க போயிட்டீங்கன்னா வர்ற வலி எங்கேன்னு நான் யார்கிட்டங்க போய்க் காட்டுவேன்?"